டிசம்பரில் திருகோணமலைக் கடற்கரைக்குப் போவது வீணா?

கேள்வி இதுதான்: "பிள்ளைகளுக்கு டிசம்பரில்தான் லீவு. அந்த நேரம் திருகோணமலையில் மழை, கடல் குளிக்க முடியாது, போவது வீண் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?"

குளிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் அவர்கள் சொல்வது சரி. கடலைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவசரக்காரர்கள் இத்தோடு போய்விடலாம்.

நீங்கள் கொழும்புப் பக்கம் என்று நினைக்கிறேன். ரூமுக்கு அட்வான்சும் கட்டிவிட்டீர்கள். அப்புறம் அலுவலகத்தில் யாரோ "டிசம்பர்ல டிரிங்கோவா?" என்று சிரித்திருப்பார்கள், உங்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியைக் கேட்கிற முக்கால்வாசிப் பேர் இந்த நிலையில்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹோட்டலும் இல்லை, படகும் இல்லை. டவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீடு டச்பே கடற்கரைக்கு நடந்துபோகிற தூரம். பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். அதனால் ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று யாரும் கீழே வந்து எழுதவேண்டாம்.

இலங்கையில் ஒரு பக்கக் கடல் நல்லபடி இருந்தால் மற்றப் பக்கம் பொல்லாததாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது ஹிக்கடுவை, உனவட்டுனைப் பக்கம் கடல் குமுறும், எங்கள் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். அந்தக் காற்று மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் வரட்டுக் காற்றாக உடம்பைக் காய்ச்சிக்கொண்டு வரும். கச்சான் என்போம். (கடற்கரையில் சுருளில் கட்டி விற்கிற கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர், குழம்பவேண்டாம்.) ஒக்டோபர் கடைசியில் காற்றுத் திரும்பும். வாடை வந்துவிட்டால் எங்கள் மழைக்காலம். வருடத்து மழையில் பெரும்பகுதி ஜனவரிக்குள் பெய்து தீர்ந்துவிடும். நிலாவெளிப் பக்கம் படகுகளை ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். புறாத்தீவுப் பயணமும் அநேகமாக நின்றுவிடும். கரைவலைக்காரரின் வாடிகள் வெறிச்சென்று கிடக்கும். மீன் விலை ஏறும். இதெல்லாம் உண்மை, மறைக்கவில்லை.

இனி என் சகலன் கதை.

2018 டிசம்பர். மனைவியின் அக்கா குடும்பம் நாவலப்பிட்டியிலிருந்து வந்தார்கள். சகலனுக்கு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. பிள்ளைகள் இரண்டும் அதுவரை கடலைக் கண்டதில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு லொறி டியூபைக் காற்று இறக்கி உரப்பையில் சுற்றி, இரண்டு பஸ் மாறி, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று மடியில் வைத்தே கொண்டுவந்தார். பிள்ளைகள் அதில் மிதக்கவேண்டுமாம். வந்து இறங்கியதும் இறங்காததுமாக, மழையில் நனைந்தபடியே என்னைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போய் அதற்குக் காற்றடித்தார். கடைக்காரப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வந்த மனிதரிடம் வாசலிலேயே எப்படி "உங்கள் டியூபுக்கு வேலை இல்லை" என்று சொல்வது?

மறுநாள் காலை வான் பிடித்து நிலாவெளி போனோம். தென்னைகளுக்குக் கீழே படகுகள் கவிழ்ந்து கிடந்தன. கடைகள் தகரம் அடித்துச் சாத்தியிருந்தன. கரை ஓரமாக மண்ணைக் கடல் அரித்து, ஆள் இடுப்பு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தது. வாடியில் ஒரு வயதானவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். டியூபைப் பார்த்தார். "ஏப்ரல்ல வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

சகலன் கடலை ஒரு நிமிடம் பார்த்தார். "இதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு என்னவோ நான்தான் கடலைக் கலக்கி வைத்த மாதிரி முகம் செத்துப்போனது. வான்காரனுக்குக் காசு கொடுத்துத் திரும்பினோம். டியூப் வான் கூரையில் கட்டியபடி திரும்பி வந்தது. மத்தியானம் முழுக்கப் பிள்ளைகள் அதை விறாந்தையில் போட்டு, அதற்குள் உட்கார்ந்து கரம் விளையாடினார்கள்.

பின்னேரம் நாலரைக்கு மழை விட்டது. நான்தான் எல்லாரையும் எழுப்பினேன். டச்பேக்குப் போவோம், குளிக்க அல்ல, சும்மா என்றேன்.

டச்பே ஊருக்குள்ளேயே இருக்கிற கடற்கரை. ஒரு பக்கம் பிரெட்றிக் கோட்டையும் அதன் முனையில் கோணேசர் கோயில் மலையும். சீசனில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு எங்களைத் தவிர ஒரு கச்சான் வண்டி, குடை பிடித்த ஒரு சோடி, பிறகு மான்கள். மான் என்றால் காட்டு மான் இல்லை, எங்கள் ஊர்ப் புள்ளிமான். மழைக்குக் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கி நின்றுவிட்டு, விட்டதும் கடற்கரைக்கு வந்துவிடும். பெரியவள் முதல் பத்து நிமிடம் கடலைத் திரும்பியே பார்க்கவில்லை, மானைத்தான் பார்த்தாள். (தயவுசெய்து ஷொப்பிங் பையோடு எதையும் அவற்றுக்குப் போடாதீர்கள். பையையும் சேர்த்துத் தின்னும்.)

கடல் நிறம் பால் தேத்தண்ணி. அலை தூரத்திலேயே எழும்பி, வரும்போதே உடைந்து, கரைக்கு வந்து மறுபடி ஒருமுறை அடிக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. திரும்பிப் போகிற தண்ணீர்தான் ஆபத்து. அது காலடி மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும். முழங்கால் தண்ணீரில் நின்ற பெரிய ஆளையே அது உட்கார்த்திவிடும். என் செருப்பில் ஒன்று அன்றைக்கு இந்தியா பக்கம் போனது.

கரையில் ஒரே குப்பை. குப்பை என்றால் நீங்கள் நினைக்கிற குப்பை கொஞ்சம்தான். தென்னம் பாளை, மூங்கில் துண்டு, கணவாய் ஓடு, வேரோடு ஒரு மரம். இடையிடையே பச்சையாக, கொத்துக்கொத்தாக ஆகாயத்தாமரை. சின்னவள் ஒன்றைத் தூக்கினாள். தண்டு பலூன் மாதிரி உப்பியிருக்குமே, அதை இரண்டு விரலால் நசுக்கினாள். "பொட்" என்றது. இன்னொன்று. வேர்க் கொத்துக்குள் உளுந்து அளவில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது, உயிரோடு.

"அப்பா, இது நம்ம ஊர்ல இருக்கிற செடி" என்றாள்.

சகலன் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், மகாவலி எங்கே கடலில் விழுகிறது என்று. நான் தெற்கே கையைக் காட்டினேன். கொட்டியாரக்குடா, மூதூர்ப் பக்கம். 335 கிலோமீற்றர் ஓடி அங்கேதான் வந்து முடிகிறது. நாவலப்பிட்டி மகாவலிக் கரையில் இருக்கிற ஊர். அவர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஆறு.

மனிதருடைய முகமே மாறிவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனார். குனிந்து ஒரு கை அள்ளினார். "இது நம்ம ஆத்து மண்ணு தம்பி" என்றார். "நம்ம ஆறுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு." பிள்ளைகளையும் கூப்பிட்டு அந்தக் கலங்கல் தண்ணீரைத் தொடச் சொன்னார். மச்சாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, புவியியல் வாத்தியார்கள் வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று நடுவில் எத்தனை அணை இருக்கிறது, நாவலப்பிட்டி மண் அதைத் தாண்டி வராது என்பது எனக்கும் தெரியும். டிசம்பரில் கலங்குவது வாடை மழை இந்தப் பக்கம் பெய்வதால்தான் என்பதும் தெரியும். அந்த மனிதரிடம் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமா? எனக்கு வரவில்லை.

இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். வண்டிக்காரர் பொலித்தீனைத் தூக்கி, சூடாக இருந்த கச்சானை அள்ளித் தந்தார். வாடையில் நின்று கச்சான் தின்கிறோம் என்று நான் ஒரு பகிடி விட்டேன், நாவலப்பிட்டிக்காரருக்கு அது விளங்கவில்லை.

அடுத்த நாள் கோயில். மார்கழி, திருவெம்பாவைக் காலம். விடியற்காலை ஒலிபெருக்கிச் சத்தத்தோடு ஊர் எழும்பும். கோட்டை வாசலால் ஏறி மலை உச்சிக்குப் போனால், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குக் கீழே கடல் பாறையில் அடிக்கிற அடி கால் பாதத்தில் அதிரும். ஓகஸ்டில் நூறு தரம் அங்கே போயிருக்கிறேன், அந்த அதிர்வு கிடைத்ததே இல்லை. பிறகு அப்படியே ஊரைக் குறுக்கே கடந்து உள்துறைமுகப் பக்கம் கூட்டிப்போனேன். எங்கள் டவுண் கடலுக்குள் நாக்கு நீட்டிய மாதிரி இருக்கிறது. ஒரு கரையில் கடல் தலைகீழாகக் கொந்தளிக்கும், மற்றக் கரையில் துறைமுகத் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கும். வெள்ளைக்காரன் இந்த ஊருக்காக ஏன் இத்தனை சண்டை பிடித்தான் என்று புத்தகத்தில் தேடவேண்டாம். டிசம்பரில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு நடை நடந்தால் விளங்கிவிடும். பிள்ளைகளுக்கும் விளங்கியது.

இப்போது ஓகஸ்ட் உறவுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. திருகோணமலையில் வீடு இருந்தால் சீசனில் உங்களுக்கு எவ்வளவு சொந்தக்காரர் என்று அப்போதுதான் தெரியும். என் தாயின் ஒன்றுவிட்ட தங்கையின் சம்பந்தி குடும்பம் ஒரு தரம் பதினொரு பேராக வந்து நாலு நாள் நின்றது. உப்புத் தண்ணீரோடு வந்து கிணற்றடியில் ஆளுக்கு இருபது வாளி. புதுத் துவாய் இரண்டு போனது போனதுதான். ஊருக்குப் போய், எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவு பூட்டுப்படாது என்று கல்யாண வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டை உடைத்ததே அவர்களுடைய பெடியன். நவம்பரில் அப்பா செத்த வீட்டுக்கு, "அங்க ஒரே மழையாமே" என்று ஒரு போன். ஒருவர் வரவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. படித்தால் அவர்களுக்கு விளங்கும்.

சரி, உங்கள் விஷயம். ரூமைக் கன்சல் பண்ணவேண்டாம், ஆனால் கடலோர ரூமுக்குச் சீசன் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், பேசிக் குறையுங்கள். கிளம்புமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கேதான் கரை ஏறியது, அப்படியான வாரத்தில் வந்து என்னைத் திட்டவேண்டாம். மழை நாள் முழுக்கப் பெய்யாது. விடுகிற இரண்டு மணிக்காக வெளிக்கிட்டு நில்லுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள், உள்ளூர்ப் பெடியள் இறங்குகிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள். ஒரு நாளைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. மழைக் குளிரில் அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் இறங்கிவர மனம் வராது.

இன்னொன்று. 26ஆம் திகதி இங்கே இருந்தால் காலையில் கடற்கரையில் பாட்டுப் போடாதீர்கள். 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். 2004 சுனாமியில் போனவர்களின் வீடுகள் அந்தக் கரையில்தான் இருந்தன. பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள், மறைக்கவேண்டியதில்லை.

சகலன் அந்த டியூபை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனார். ஆகாயத்தாமரையை மட்டும் சின்னவள் சோடாப் போத்தலை வெட்டி, அதில் தண்ணீர் விட்டு, நத்தையோடு நாவலப்பிட்டி வரை கொண்டுபோனாள். அங்கே ஓடையில் அதைப் பிடுங்கி எறிய ஆள் பிடிப்பார்களாம்.

அடுத்த வருடம் ஜூனில் ஒரு நாள் போன் வந்தது. அங்கே மூன்று நாளாக விடாத மழை. "ஆத்துல தண்ணி கரை தட்டிப் போகுது தம்பி" என்றார். "உங்க பக்கம் அனுப்பியிருக்கேன், பாத்து எடுத்துக்கங்க."

நான் அப்போது டச்பேயில்தான் நின்றேன். கச்சான் காற்று முகத்தைக் காய்ச்சியது. கடல் அடி மண் தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது.

"வந்து சேர்ந்துட்டுது அண்ணே" என்றேன்.