பிரேக்கரில் 6000 என்றிருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தில் சுவிட்ச் அறையை ஒட்டியே புதிய தண்ணீர் பம்ப் பேனல் வைத்திருக்கிறார்கள். 7.5 கிலோவாட் பம்ப் இரண்டு. உள்ளே இருக்கும் எம்சிபிகளில் (சிறிய சர்க்யூட் பிரேக்கர்களில்) கட்டம் போட்டு 6000 என்றிருக்கிறது. மெயின் போர்டிலோ 50 கிலோ ஆம்பியர். "பம்ப் 15 ஆம்பியர்தானே இழுக்கும், இது தாராளம்" என்கிறார் குத்தகையாளர். சரிதானா, ஐயா?
கட்டடப் பராமரிப்பாளர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சரியில்லை. 15 ஆம்பியர் என்பது பம்ப் ஓடும்போது இழுப்பது. கட்டத்துக்குள் இருக்கும் 6000, ஷார்ட் ஆனால் அந்த எம்சிபி உடையாமல் துண்டிக்கக்கூடிய உச்ச அளவு, அதாவது 6 கிலோ ஆம்பியர். அப்போது எவ்வளவு பாயும் என்பதை டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் தீர்மானிக்கின்றன.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 1000 கேவிஏ, 400 வோல்ட், இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அதனுள் இருக்கும் தடை) 5% என்று வைத்துக்கொள்வோம். முழு லோடு 1,443 ஆம்பியர். அதை 0.05ஆல் வகுத்தால், ஷார்ட் ஆனால் பாயக்கூடியது ஏறக்குறைய 29 கிலோ ஆம்பியர். அங்கிருந்து 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் 5 மீட்டர் போனால் இன்னும் 21 கிலோ ஆம்பியர் மிச்சம். 30 மீட்டரில் அது 6 ஆகிவிடும், 50 மீட்டரில் 4. ஆக, இதே பேனல் 50 மீட்டர் கேபிள் தள்ளி மொட்டைமாடியில் இருந்தால் பிரச்சினையில்லை. சுவிட்ச் அறைப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. மெயின் போர்டின் 50, அந்த போர்டு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது.

21 கிலோ ஆம்பியர் பாயும்போது 6000 எம்சிபியால் உள்ளே எழும் தீப்பொறியை அணைக்க முடியாது. உறை வெடித்து, அந்தச் சூடான வாயு பக்கத்து பஸ்பாருக்கு (பேனலுக்குள் மின்சாரம் கொண்டுசெல்லும் உலோகப் பட்டைக்கு) தாவும். பம்பை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அடுத்த முறை ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் பம்ப் நிற்காது.

இன்கமரை (பேனலுக்குள் மின்சாரம் நுழையும் முதல் பிரேக்கரை) 25 அல்லது 36 கிலோ ஆம்பியர் எம்சிசிபியாக (பெரிய வகை பிரேக்கராக) மாற்றினால் மட்டும் போதாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த எம்சிசிபியும் கீழே உள்ள எம்சிபியும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்ட அட்டவணை இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பிராண்ட் என்றால் பெரும்பாலும் அட்டவணையே இருக்காது. 80 கிலோ ஆம்பியர் எச்ஆர்சி ஃபியூஸை (பெரிய ஷார்ட்டையும் துண்டிக்கக்கூடிய ஃபியூஸை) முன்னால் போடுவது நல்ல வழி, அதற்கும் அட்டவணை பார்த்தே போட வேண்டும். கான்டாக்டருக்கும் ஓவர்லோடு ரிலேக்கும் (மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் பாகம்) 'டைப் 2' பொருத்தம் கேளுங்கள், ஷார்ட்டுக்குப் பிறகும் அவை பயன்படும். டைப் 1 என்றால் ஷார்ட்டுக்குப் பிறகு அவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.

பட்டன், கான்டாக்டர் ஆகியவற்றை இயக்கும் கண்ட்ரோல் சர்க்யூட்டையும் பாருங்கள். இன்கமருக்கு முன்பே 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் டேப் (கிளை இணைப்பு) எடுத்து, ஃபியூஸ் இல்லாமல் விட்டிருப்பார்கள். ஷார்ட் ஆனால் அந்த வயர் நொடியில் ஆவியாகிவிடும். டேப் எடுத்த இடத்திலேயே சிறிய காட்ரிட்ஜ் ஃபியூஸ் வேண்டும்.

இதே அளவுள்ள இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை பஸ் கப்ளர் (இரண்டின் பஸ்பார்களையும் சேர்க்கும் சுவிட்ச்) போட்டு இணைத்து ஓட்டும் கட்டடமாக இருந்தால், மேலே சொன்ன 29 கிலோ ஆம்பியர் ஏறக்குறைய 58 ஆகும். வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர், சப்ளையை அணைத்தபின் செய்யட்டும்.

கேள்வி: அமெரிக்கச் சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பேனலில் 'எஸ்சிசிஆர் 5 கேஏ', அதாவது ஷார்ட்டைத் தாங்கும் அளவு 5 கிலோ ஆம்பியர் என்றிருக்கிறது. பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் போதுமா?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: போதாது. அது முழு பேனலுக்கான எண். உள்ளே மிகவும் பலவீனமான பாகத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சோதித்த மதிப்பு இல்லாத பாகத்துக்கு அங்கே பெரும்பாலும் 5 என்றே எடுப்பார்கள். எந்தப் பாகம் எண்ணைக் கீழே இழுக்கிறது, எந்த ஃபியூஸை முன்னால் போட்டால் உயரும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புது எண் போட்ட பெயர்ப்பலகை வரும் வரை 5 மட்டுமே செல்லும்.