வேதாகமமும் மரண தண்டனையும்: கேள்வி பதில்

மரண தண்டனையை வேதாகமம் ஆதரிக்கிறதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை வேதம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் வற்புறுத்துவதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

கேள்வி: நோவாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கு முந்தியது. ஆகவே அது இஸ்ரவேலருக்கு மட்டுமல்லாமல் எல்லா மனிதருக்கும் உரியது என்று எங்கள் போதகர் கற்பிக்கிறார். இதை மறுக்க முடியுமா ஐயா?

பதில்: மரண தண்டனையை ஆதரிப்போரின் வாதங்களில் வலுவானது இதுவே. மனிதனுடைய இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலே சிந்தப்படும் என்றும், மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்றும் ஆதியாகமம் 9:6 சொல்கிறது. காரணம் ஒரு குறிப்பிட்ட இனத்தின் சட்டத்தில் இல்லாமல் படைப்பிலேயே இருப்பதால், 'இது பழைய ஏற்பாடு, நமக்குப் பொருந்தாது' என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் போதகர் அந்த அளவில் சரியாகவே கற்பிக்கிறார்.

ஆனால் இந்த வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்து வாசிக்கக் கூடாது. இரண்டு வசனங்களுக்கு முன்னால், 9:4இல், இரத்தத்தோடு இறைச்சியைப் புசிக்கக் கூடாது என்ற கட்டளையும் அதே நோவாவுக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை எல்லா மனிதருக்கும் உரிய சட்டமாக்க வேண்டும் என்று யாரும் அரசுகளிடம் கோருவதில்லை. அதைவிட முக்கியமானது, இந்தக் கட்டளைக்கு முன்னும் பின்னும் தேவன் தாமே கொலையாளிகளை எப்படி நடத்தினார் என்பது. முதல் கொலையாளியான காயீனைத் தேவனே விசாரித்தார்; அவனைக் கொல்லவில்லை. கண்டவர்கள் அவனைக் கொன்றுபோடாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தைப் போட்டு, அவனைக் கொல்லுகிறவன்மேல் ஏழு பழி சுமரும் என்றும் எச்சரித்தார். பல தலைமுறைகள் கழித்து, தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்த தாவீது, எந்த நியாயப்பிரமாணத்தின்படி பார்த்தாலும் மரணத்துக்குப் பாத்திரன். அவன் பாவத்தை அறிக்கையிட்டபோது, 'நீ சாகாதபடிக்குக் கர்த்தர் உன் பாவம் நீங்கச் செய்தார்' என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னான். தண்டனை முழுவதும் நீங்கிவிடவில்லை என்பது உண்மைதான். அவன் வீட்டைவிட்டுப் பட்டயம் விலகவில்லை. ஆயினும் கட்டளையைக் கொடுத்தவரே அதை விதிவிலக்கில்லாமல் நிறைவேற்றாதபோது, நாம் மட்டும் விதிவிலக்கே கூடாது என்று வாதிடுவது எப்படிப் பொருந்தும்?

கேள்வி: 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற ஒரே கட்டளை போதாதா? அரசு செய்தாலும் கொலை கொலைதானே?

பதில்: போதாது. இந்தக் கட்டளை இருப்பது யாத்திராகமம் 20இல். அடுத்த அதிகாரத்திலேயே மரண தண்டனைக்குரிய குற்றங்கள் வரிசையாக வருகின்றன. ஒரே சட்டத்தொகுப்பு ஒரு பக்கத்தில் தடுத்ததை மறுபக்கத்தில் கட்டளையிட்டிருக்க முடியாது. மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் தங்கள் வாதத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளத்தைத் தேட வேண்டும்; அப்படிப்பட்டவை வேதத்தில் இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் மோசேயின் சட்டத்தையே இன்றைய அரசுகள் பின்பற்றலாமே? கொலையாளியின் உயிருக்காக மீட்கும்பொருளை வாங்கக் கூடாது என்று எண்ணாகமம் 35:31 சொல்கிறதே?

பதில்: அந்தச் சட்டத்தை எடுப்பதானால் முழுவதையும் எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனை அடிக்கிறவன், ஓய்வுநாளில் வேலை செய்கிறவன், விபசாரம் செய்கிறவன், அடங்காத மகன் ஆகிய அனைவருக்கும் அது மரணத்தையே விதிக்கிறது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருவன் கல்லெறிந்து கொல்லப்பட்டதை எண்ணாகமம் 15 பதிவு செய்திருக்கிறது. இவற்றை இன்று யாரும் கோருவதில்லை. கொலைக்கான தண்டனையை மட்டும் தனியே எடுப்பதற்கு ஆதியாகமம் 9 ஒரு நியாயம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனையை எடுத்துக்கொண்டு, அதற்கு அதே சட்டம் போட்ட வேலிகளை விட்டுவிட முடியாது.

அந்த வேலிகள் சாதாரணமானவை அல்ல. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு ஒருவனையும் சாகடிக்கக் கூடாது. சாட்சி சொன்னவர்களின் கைகளே குற்றவாளியின்மேல் முதலில் விழ வேண்டும் என்கிறது உபாகமம் 17:7. அதாவது, சொல்லிவிட்டு விலகி நிற்க யாருக்கும் இடமில்லை. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு, அவன் பிறனுக்குச் செய்ய நினைத்த அதே தண்டனை. பகையின்றிக் கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுவிட்டவன் தப்பி ஓடிப் பிழைக்க ஆறு அடைக்கலப்பட்டணங்கள், யோர்தானுக்கு இக்கரையில் மூன்றும் அக்கரையில் மூன்றுமாக. நீங்கள் காட்டிய வசனமும் இந்த வேலிகளில் ஒன்றுதான்: பணம் படைத்த கொலையாளி தன் உயிரை விலைக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது. வசதியுள்ளவன் தப்பித்து, வக்கீல் வைக்க வழியில்லாதவன் மட்டும் கயிற்றுக்குப் போகும் எந்த அமைப்பும் இந்த வசனத்தைத் தனக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

வேலிகள் இருந்தும் என்ன நடக்கும் என்பதை வேதமே மறைக்காமல் காட்டுகிறது. 1 இராஜாக்கள் 21ஐ நிதானமாக வாசியுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ராஜாவாகிய ஆகாப் விரும்புகிறான். நாபோத் கொடுக்க மறுக்கிறான். அவன் மனைவி யேசபேல் ஆகாபின் பெயரில் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறப்படுகிறது, நாபோத் ஜனங்களின் முன்னிலையில் நிறுத்தப்படுகிறான், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று இரண்டு பேர் சாட்சி சொல்கிறார்கள், பட்டணத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், மூப்பர்கள் இருந்தார்கள், குற்றமும் சட்டப்படி மரணத்துக்குரியதுதான். ஏட்டளவில் ஒரு குறையும் இல்லாத அந்தத் தீர்ப்பை, கர்த்தருடைய வார்த்தையின்படி தீர்க்கதரிசி எலியா கொலை என்றே அழைத்தான்.

இந்த ஆபத்தை யூத ரபீக்களும் ஆழமாக உணர்ந்திருந்தார்கள். யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவின் மக்கோத் பகுதி, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவனைக் கொல்லும் நியாயசங்கத்தையே நாசகரமானது என்று சொல்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை கொன்றாலே அப்படித்தான் என்கிறார் ரபீ எலெயாசார் பென் அசரியா. தாங்கள் அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்று ரபீ தர்போனும் ரபீ அக்கிபாவும் சொன்னார்கள். அப்படிச் செய்தால் இஸ்ரவேலில் கொலைகாரர்கள் பெருகிவிடுவார்கள் என்று சிமியோன் பென் கமாலியேல் மறுத்துரைத்ததையும் அதே பகுதி மறைக்காமல் வைத்திருக்கிறது. இன்றைய விவாதத்தின் இரு பக்கங்களும் அப்போதே அங்கே நின்றன.

கேள்வி: விபசாரத்தில் பிடிக்கப்பட்ட பெண்ணை இயேசு விடுவித்ததோடு மரண தண்டனை ஒழிந்துவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். யோவான் 8இல் வரும் இந்தச் சம்பவம் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. சபை இதை வேதமாக ஏற்று வாசித்து வந்திருக்கிறது என்றாலும், ஒரு முழு உபதேசத்தையும் இதன்மேல் மட்டும் கட்டுவது சரியன்று. மேலும், அங்கே கேட்கப்பட்டது ஒரு கண்ணிக் கேள்வி. கல்லெறியுங்கள் என்றால் ரோம அதிகாரத்தோடு மோத வேண்டும். வேண்டாம் என்றால் மோசேயை மறுத்ததாகும்.

இயேசு மோசேயை மறுக்கவில்லை. 'உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்' என்று அவர் சொன்னபோது, முதல் கல் யாருடைய கையிலிருந்து வர வேண்டும் என்ற உபாகமத்தின் விதியையே அவர்கள் முன் வைத்தார் என்று நான் வாசிக்கிறேன். லேவியராகமம் 20:10 ஆணும் பெண்ணும் இருவருமே சாக வேண்டும் என்கிறது. கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொன்னவர்கள் பெண்ணை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரியோர் முதல் சிறியோர் வரை ஒவ்வொருவராகப் போய்விட, சட்டப்படி சாட்சிகளே இல்லாமல் போகிறது. அதன்பின் இயேசு, 'நானும் உனக்கு ஆக்கினைத்தீர்ப்பளிக்கிறதில்லை' என்று சொல்லி, இனிப் பாவம் செய்யாதே என்று அனுப்புகிறார். சட்டம் ஒழிக்கப்பட்டது என்று இதிலிருந்து நிறுவ முடியாது. ஆனால் கொல்லும் உரிமையைக் கையில் வைத்திருக்கிறவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விடலாம் என்பதையும், இயேசு அப்படி விட்டதையும் இங்கே காண்கிறோம்.

கேள்வி: கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பது பழிவாங்கச் சொல்வதுதானே?

பதில்: பழியை அளவுக்குள் கட்டுவதற்கே அது வந்தது. தன்னைக் காயப்படுத்திய வாலிபனைக் கொன்றுவிட்டு, தனக்காக எழுபத்தேழு பழி சுமரும் என்று பெருமை பேசியவன் ஆதியாகமம் 4இல் வரும் லாமேக்கு. அப்படிப்பட்ட உலகத்தில், ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மேல் கூடாது என்பது பெரிய கட்டுப்பாடு. மத்தேயு 5இல் இயேசு அந்த அளவையும் கடந்து போகச் சொல்கிறார். அவர் அங்கே சீஷர்களிடம் பேசுகிறார், நீதிமன்றங்களிடம் அல்ல என்ற வாதம் நியாயமானதே. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே நின்று இரத்தம் கேட்டுக் கூச்சலிடும் கிறிஸ்தவருக்கு அந்த வாதம் உதவாது.

கேள்வி: ரோமர் 13:4 அரசின் கையில் பட்டயம் இருக்கிறது என்கிறது. இதைவிடத் தெளிவு வேண்டுமா?

பதில்: அதிகாரம் உண்டு என்பதற்கு அது தெளிவான சான்று. 'பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை' என்ற சொற்களை, அதே பகுதியில் வரும் வரி வசூலோடு மட்டும் சேர்த்துச் சுருக்கிவிட முயல்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பவுல் ரோம ஆளுநர் பெஸ்துவின் முன்னிலையில் நின்றபோதும், மரணத்துக்கு ஏதுவான ஏதாகிலும் செய்திருந்தால் சாகாதபடிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றே சொன்னார்.

ஆயினும் அதிகாரம் தேவனிடமிருந்து வந்தது என்பதும், அந்த அதிகாரம் செய்வதெல்லாம் நீதி என்பதும் ஒன்றல்ல. பவுல் இந்த நிருபத்தை எழுதியது நீரோவின் ஆட்சிக்காலத்தில். அதே ஆட்சியின் பட்டயத்தாலேயே அவர் மரித்தார் என்பது சபையின் பழைய பாரம்பரியம். உன்னைச் சிலுவையில் அறைய எனக்கு அதிகாரமுண்டு என்று பிலாத்து சொன்னபோது, அந்த அதிகாரம் பரத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்று இயேசு ஒப்புக்கொண்டு, அதே வசனத்தில் பாவத்தைப் பற்றியும் பேசினார். ரோமர் 13ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் யோவான் 19:11ஐயும் அதன் அருகில் வைத்து வாசிக்க வேண்டும்.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளனே, 'நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்' என்றானே?

பதில்: ஆம், இயேசு அதைத் திருத்தவில்லை. ஆனால் அது மனந்திரும்பிய ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு. பிறரைப் பற்றி நாம் சொல்வதற்கு அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: ஒரே வேதத்தை வாசிக்கும் சபைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

பதில்: தொடக்கத்திலிருந்தே வேறுபாடு உண்டு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்டியுஸ், நீதிமானாயிருப்பவன் யார்மேலும் மரணக்குற்றம் சாட்டுவதுகூடக் கூடாது என்று எழுதினார். 385இல், போதனையில் தவறியவர் என்று பழிக்கப்பட்ட ஆயர் பிரிசில்லியன் மரண தண்டனைக்கு உள்ளானதை தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் வன்மையாக எதிர்த்தார். பின்னர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், உடல் முழுவதையும் காக்க அழுகிய உறுப்பை வெட்டுவதோடு ஒப்பிட்டு மரண தண்டனையை நியாயப்படுத்தினார். 1527இல் ஷ்லைத்ஹைம் என்ற ஊரில் கூடிய, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பிரிவினரான அனபாப்டிஸ்டுகள், பட்டயம் தேவனுடைய ஏற்பாடுதான் என்றாலும் அது கிறிஸ்துவின் பூரணத்துக்குப் புறம்பானது என்று அறிக்கையிட்டார்கள். 1553இல் ஜெனிவாவில் செர்வேத்துஸ் என்பவர் உபதேசப் பிழைக்காக எரிக்கப்பட்டதை நினைத்தால், வேதத்தைக் கையில் பிடித்தவர்களே எவ்வளவு தூரம் வழிதவறினார்கள் என்று எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

நம் காலத்தில், மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று 2018இல் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைக் கூட்டமைப்பு 2000இல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

கேள்வி: என் தம்பியைக் கொன்றவன் சாக வேண்டும் என்று நான் ஜெபிக்கிறேன். இது பாவமா?

பதில்: உங்கள் வேதனைக்கு முன்னால் விவாதம் பேச எனக்கு மனம் வரவில்லை. தேவனிடம் இப்படிக் கதறியவர்களில் நீங்கள் முதலானவர் அல்லர். வெளிப்படுத்தின விசேஷம் 6இல், பலிபீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள், எங்கள் இரத்தத்துக்காக எதுவரைக்கும் பழிவாங்காமலிருப்பீர் என்று கேட்கிறார்கள். தேவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்கிறார். உங்கள் மனதில் உள்ளதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். 'பழிவாங்குதல் எனக்குரியது' என்ற வசனத்தை யாராவது உங்களைச் சும்மா இருக்கச் சொல்வதற்குப் பயன்படுத்தியிருந்தால், அது தவறான பயன்பாடு. அந்தப் பாரத்தை நீங்களே சுமக்க வேண்டியதில்லை என்றே அந்த வசனம் சொல்கிறது. மன்னிக்கும்படி யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டாம். குற்றவாளி சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

கேள்வி: நான் நீதித்துறையில் பணியாற்றுகிறேன். மரண தண்டனை விதிக்கும் பதவியில் ஒரு கிறிஸ்தவர் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அரசு சட்டத்தின்படி மரண தண்டனை நிறைவேற்றுகிறவர் கொலை செய்யாதே என்ற கட்டளையை மீறுவதில்லை என்று பழங்காலச் சபையின் ஆயர் அகஸ்டின் எழுதியிருக்கிறார். ஆனால் அதே அகஸ்டின், 412ஆம் ஆண்டையொட்டி, மார்செல்லினுஸ் என்ற கிறிஸ்தவ அதிகாரிக்கு எழுதிய கடிதத்தையும் நீங்கள் வாசிக்க வேண்டும். கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்துஸ் பிரிவைச் சேர்ந்த சிலர் ரெஸ்தித்தூத்துஸ் என்ற குருவைக் கொன்றிருந்தார்கள். இன்னொரு குருவின் கண்ணைப் பிடுங்கி, விரலையும் வெட்டியிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டார்கள். கொல்லப்பட்டவர் அகஸ்டினின் சபையைச் சேர்ந்தவர். அப்படியிருந்தும், அவர்கள் செய்ததையே அவர்களுக்குச் செய்ய வேண்டாம், உயிரோடு வைத்து ஏதாவது பயனுள்ள வேலையில் ஈடுபடுத்துங்கள், ஒரு தகப்பனைப்போல் நடந்துகொள்ளுங்கள் என்று அவர் மன்றாடினார்.

உங்கள் நாட்டுச் சட்டம் மரணத்துக்கும் ஆயுள் சிறைக்கும் இடையே தெரிவு செய்யும் உரிமையை உங்களுக்குத் தருமானால், அந்தக் கடிதத்தின்படி நடப்பது உங்களுக்கு எளிது. தெரிவே இல்லாத வழக்கு வந்து, சாட்சியத்தில் உங்களுக்குச் சந்தேகமும் இருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பில் வெளிப்படையாக எழுதி அவனை விடுவியுங்கள். சந்தேகம் இல்லாமலும் உங்கள் மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை என்றால், சட்டத்தை வளைக்காமல், அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேளுங்கள்.