சர்க்கரைக் காலுக்கு வெந்நீர் வாளி வேண்டாம்

பாலக்கோடு நண்பருக்கு வணக்கம். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை, பாதம் மரத்துப்போகிறது, வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றிக் கால் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெந்நீரை இன்றே நிறுத்துங்கள். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும்; அந்தப் புண் லேசில் ஆறாது.

முறை பழசுதான், மறுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி குளிர்நீரால் வைத்தியம் பார்த்தார். ஜெர்மனியின் செபாஸ்டியன் க்னைப் 1849இல் காசநோயோடு டான்யூப் ஆற்றில் சில நொடிகள் முங்கி எழுந்தார், தேறினார். பிறகு பாதிரியாராகி நீர் வைத்தியத்தைப் பரப்பினார். காந்தியும் ஜெர்மன் நீர் வைத்தியர் லூயி கூனேயின் இடுப்புக் குளியலை நம்பினார். சூடு ரத்தக்குழாயை விரிக்கும், குளிர் சுருக்கும். அலுத்த காலுக்கு அது சுகம்தான். கெட்டுப்போன நரம்பை அது சரிசெய்யாது. பிரீஸ்னிட்ஸ், க்னைப் காலத்தில் இன்சுலினே இல்லை, 1922இல்தான் வந்தது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. தினமும் ராத்திரி நீங்களே உள்ளங்காலைப் பாருங்கள். ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலுக்கு ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள், ஆனால் வெயில் காய்ந்த பாறையில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.