டவுன் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறது எப்படி?

இலங்கை மலைநாட்டு நகரசபை ஒண்ணுல 2025 மே தேர்தல்ல புதுசா வந்த உறுப்பினர் ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "டவுன் பொருளாதார அபிவிருத்திக்கு ஆலோசனைக் குழு போடப் போறோம். சம்பளமில்லாத தொண்டர் வேலைதான். ஆனா ஒவ்வொரு கட்சியும் ரெண்டு பேரைப் போடுன்னு நிக்குது, தவிசாளரும் (சபைத் தலைவர்) தன் மச்சானைச் சேர்க்கச் சொல்றாரு. சண்டையில்லாம எப்படி ஆள் எடுக்கிறது?"

சண்டையில்லாம நடக்காதுங்க. ஆனா அந்தச் சண்டைய பேர் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். அதனால லிஸ்ட்டை மூடி வச்சிட்டு முதல்ல தீர்மானத்தை எழுதுங்க: குழுவுக்கு என்ன வேலை, எத்தனை பேரு, எத்தனை வருஷம், யாரு தகுதி, கூட்டத்துக்கு வராட்டி என்ன. யாரு வரப்போறாங்கன்னு தெரியாத நேரத்துல எல்லாக் கட்சியும் நியாயமா கை தூக்கும், பேர் தெரிஞ்ச பிறகு ஒருத்தரும் தூக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம், பக்கத்து பிரதேச சபைக்காரங்க போட்ட தீர்மானத்தை அப்படியே ஃபோட்டோகொப்பி எடுக்காதீங்க. அவங்களுக்கு 1987 இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், உங்களுக்கு 1939 இன் 61ஆம் இலக்க நகரசபைக் கட்டளைச்சட்டம், குழு போடுற அதிகாரம் எந்தப் பிரிவுல வருதுன்னு செயலாளர்கிட்ட கேட்டு அந்தப் பிரிவையே தீர்மானத்துல எழுதிடுங்க. குழு ஆலோசனைதான் சொல்லும், முடிவு சபை வாக்கெடுப்புலதான்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும், இல்லாட்டி ரெண்டாவது மாசமே "நாங்க சொன்னதை ஏன் செய்யல"ன்னு வந்து நிப்பாங்க.

ஒம்பது பேரு போதும். நான் முன்னாடி இருந்த ஒரு சபையில பதினாலு பேரைப் போட்டோம், முதல் கூட்டத்துல பொன்னாடை, குரூப் ஃபோட்டோ, எல்லாம் ஜோர்தான், மூணாவது கூட்டத்துக்கு வந்தது நாலு பேரு, வாங்கி வச்ச ரோல்ஸை ஒப்பீஸ் பொடியங்கதான் சாப்பிட்டாங்க. விடாம வந்தவங்கள்ல ஒருத்தங்க பஸ் ஸ்டாண்ட்ல வடை விக்கிற அக்கா. நாங்க ராத்திரிச் சந்தை போடலாம், கலர் லைட் கட்டலாம்னு ஒரு மணித்தியாலம் பேசி முடிச்ச பிறகு அவங்க கேட்டாங்க, "தேயிலைத் தோட்டத்துக்குப் போற கடைசி பஸ் ஆறு மணிக்குப் போயிடும், அதுக்கப்புறம் யாருக்கு லைட் போடப் போறீங்க?" அதோட சந்தைப் பேச்சை விட்டுட்டு பஸ் நேரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம். வர்த்தகச் சங்கத் தலைவரு வேணாம்னு சொல்லல, ஆனா ஒம்பதும் கடை முதலாளின்னா இந்தக் கேள்வி வராது.

தோட்டத்து ஆளுங்களை விட்டுடாதீங்க. சம்பள நாள்லயும் அட்வான்ஸ் நாள்லயும் டவுன்ல நடக்க இடமிருக்கா? அந்தக் காசுலதான் பாதிக் கடை ஓடுது, ஆனா அவங்க குடியிருக்கிற லயம் (வரிசை வீடுங்க) அனேகமா நகரசபை எல்லைக்கு வெளியே. (பிரதேச சபைக் காசே தோட்டத்துக்குள்ள போறதுக்கு 2018 இல சட்டத்தைத் திருத்த வேண்டி வந்துச்சே.) எல்லைக்கு வெளியே இருக்கிறவங்களை அங்கத்தவரா எடுக்க சட்டம் இடம் தராட்டி அழைப்பாளரா உக்கார வைங்க. பேசுறதுக்கு வாக்கு வேணுமா என்ன.

நோட்டீஸை தமிழ், சிங்களம் ரெண்டுலயும் அடிச்சு சபைப் பலகையில மட்டும் ஒட்டாம பஸ் ஸ்டாண்ட், கோயில், பன்சலை (பௌத்த விகாரை), பள்ளிவாசல், தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவம்னு ஒட்டுங்க, ஒரு மாசம் டைம் குடுங்க. ஹட்டன், மஸ்கெலியா பக்கம்னா சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாச வெசாக் வரைக்கும், நுவரெலியான்னா ஏப்ரல் சீசன், எல்லாரும் யாவாரத்துல ஓடுற அந்த நேரத்துல விண்ணப்பம் கேட்டா வேலையில்லாதவங்கதான் போடுவாங்க.

பதவிக்காலத்துல ஒரு சின்ன தந்திரம் இருக்கு. முதல் தடவை சீட்டுக் குலுக்கி அஞ்சு பேருக்கு ரெண்டு வருஷம், நாலு பேருக்கு ஒரு வருஷம்னு குடுங்க, அப்புறம் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வருஷம், அப்போ ஒரே நாள்ல குழு முழுக்கக் காலியாகாது. தொடர்ந்து மூணு கூட்டம் சொல்லாம வராட்டி இடம் காலின்னும் எழுதுங்க. காசு குடுக்க வேணாம், ஆனா பஸ் காசையும் டீயையும் அவங்க தலையில கட்டாதீங்க.

சொந்த லாபம்தான் பெரிய தலைவலி. சபைக் கடைத்தொகுதியில வாடகைக்கு இருக்கிறவரே கடை வாடகை பத்தி ஆலோசனை சொன்னா எப்படி இருக்கும்? அதுக்காக அவரை எடுக்காம விடாதீங்க, விஷயம் தெரிஞ்சவரு அவருதான். விண்ணப்பத்துலயே என்னென்ன சபைக் கடை, டெண்டர், லைசன்ஸ் இருக்குன்னு எழுதி வாங்குங்க, அந்த விஷயம் வரும்போது தெரிஞ்சதைச் சொல்லிட்டு வெளியே போகட்டும், போனதைக் கூட்டறிக்கையில எழுதுங்க.

மச்சான் கதைக்கு வருவோம். அவரும் எல்லாரையும் போல விண்ணப்பம் போடட்டும், தடுக்க முடியாது. ஆனா புள்ளி போடுற மேசையில அன்னைக்கு தவிசாளர் இருக்கக் கூடாது, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, செயலாளர்னு மூணு பேரு தனித்தனியா புள்ளி போட்டு கையெழுத்து வச்சு ஃபைல்ல வைக்கணும். 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல நாளைக்கு ஒருத்தரு வந்து "எனக்கு ஏன் கிடைக்கல"ன்னு கேட்டா அந்தத் தாளைத்தான் எடுத்துக் குடுக்கணும்னு தவிசாளர்கிட்ட இப்பவே மெதுவா சொல்லி வைங்க. அனேகமா மச்சான் விண்ணப்பமே போட மாட்டாரு.