ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றிவிடலாமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "சி0035 காட்டுது, முன்பக்கம் இடது வீல் ஸ்பீட் சென்சார் போச்சு" என்கிறார்கள். நம்பி மாற்றலாமா?

பதில்: உடனே வேண்டாம். அந்தச் சக்கரத்தின் வேகத் தகவல் ஒழுங்காக வரவில்லை என்பதுவரைதான் ஸ்கேனர் காட்டும் அந்தக் கோடு (பிழைக் குறியீடு) சொல்லும். கெட்டது சென்சாரா, ஒயரா, கனெக்டரா, சக்கரத்தோடு சுழலும், சென்சார் படிக்கும் வளையமா என்று அதற்குத் தெரியாது.

விளக்கு எப்போது எரிகிறது என்பதே முதல் துப்பு. சாவி போட்டதுமே எரிந்து அணையாமல் நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், அல்லது சென்சாருக்குள் தொடர்பு விட்டுப்போயிருக்கும். உங்கள் வண்டியைப் போல ஓடத் தொடங்கிய பிறகு எரிந்தால் மின்சுற்று பரவாயில்லை, சிக்னல்தான் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். சென்சார் முனையில் இரும்புத்தூள், பொருத்தும் துளையில் துரு ஏறி இடைவெளி கூடியது, வளையத்தில் விரிசல் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். வண்டி நிற்கப்போகும் நேரத்தில், 10 கி.மீ. வேகத்துக்கும் கீழே, காரணமில்லாமல் பிரேக் பெடல் அதிர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே சென்சார்கள் அனுப்பும் எண்களை, ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். நேரான சாலையில் 20–30 கி.மீ. வேகத்தில் நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தாலோ துள்ளினாலோ அங்கேதான் கோளாறு. மலிவான ஓபிடி கருவிகள் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டிக் கோடு படிப்பவை) பல இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும். ஏபிஎஸ் யூனிட்டோடு (அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி) பேசும் ஸ்கேனர் வேண்டும்.

அடுத்தது ஒயர். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிற இடத்தில், சஸ்பென்ஷனை ஒட்டி, மேலுறை நன்றாக இருக்க உள்கம்பி மட்டும் அறுந்திருக்கும். லைவ் டேட்டா ஓடும்போதே சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஒயரை ஆட்டிப் பார்த்தால் பிடிபடும்.

மல்டிமீட்டர் எடுக்கும் முன் சென்சார் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். பழைய காந்தச்சுருள் வகையில் ஓம் அளக்கலாம்: பெரும்பாலும் 800 முதல் 2,500 ஓம் வரை இருக்கும். மறுபக்கச் சென்சாரோடு ஒப்பிடுவது நல்லது. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆக்டிவ் வகை, அதாவது வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்வது. அதில் ஓம் அளப்பதால் பயனில்லை, சென்சாரும் கெடலாம். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே வோல்ட் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரி அளவுக்கு அருகில் வரும். எதுவுமே வராவிட்டால் புதுச் சென்சார் போட்டும் விளக்கு அணையாது. கோளாறு ஒயரிலோ யூனிட்டிலோ இருக்கிறது.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: வீல் பேரிங் மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு வந்துவிட்டது. சென்சாருக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

பதில்: முதலில் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலே காந்த வளையம். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி அடித்திருந்தாலோ, வளையம் இல்லாத பேரிங்கை வாங்கிப் போட்டிருந்தாலோ, சுத்தியல் பட்டு சீல் நசுங்கியிருந்தாலோ சிக்னல் வராது. பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோனால் காந்தப் பக்கம் லேசாக இழுக்கும்; பேரிங்கை மாட்டும் முன்பே பார்த்துவிடலாம். தப்பாக மாட்டியது அவர்கள் என்றால் செலவும் அவர்களுடையது. மறுத்தால் பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: சென்சாரை ஆன்லைனில் வாங்கலாமா?

பதில்: பழைய சென்சாரில் அச்சிட்ட பார்ட் நம்பரோடு ஒத்துப்போனால் வாங்கலாம். இடது, வலதுக்கு ஒயர் நீளமும் கிளிப்பும் பல வண்டிகளில் வேறுபடும். மாட்டும்போது துளையின் துருவை முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், போல்ட்டை முறுக்கித் தள்ள வேண்டாம். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்த பிறகும் சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் விளக்கு அணையும். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.