யார் தலையில் இந்தச் செலவு? டெக்சாஸ் கணக்கரிடம் சில கேள்விகள்

அமெரிக்க அரசியல் பற்றி வலதுசாரிப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன், கேளுங்கள் என்று போன வாரம் சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் அரசியல் அறிஞன் இல்லை. டெக்சாஸில் இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் வருமான வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பிழைப்பவன். எதைப் பார்த்தாலும் 'இதற்கு யார் காசு கட்டுகிறார்?' என்றுதான் முதலில் தோன்றும். தொழில் வியாதி.

மதுரை வாசகர்: சார், கன்சர்வேட்டிவ் என்றால் பழமைவாதி என்றுதானே பொருள்? பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்?

அந்த மொழிபெயர்ப்புதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நம் ஊரில் பழமை என்றவுடன் சாதியும் சடங்கும் நினைவுக்கு வருகின்றன. இங்கே இவர்கள் காப்பாற்ற நினைப்பது 1787-ல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தை. மத்திய அரசுக்கு அதிகாரத்தைக் கொடுத்து, கூடவே அதற்கு எல்லையும் கட்டிய சாசனம் அது.

ஆனால் கன்சர்வேட்டிவ் என்று ஒரே ஒரு கூட்டம் கிடையாது. வரியைக் குறை, அரசைச் சுருக்கு என்பவர்கள் ஒரு பக்கம். சர்ச், குடும்பம், கருக்கலைப்பு எதிர்ப்பு என்பவர்கள் இன்னொரு பக்கம். ராணுவம் வலுவாக இருக்கவேண்டும் என்பவர்கள் மூன்றாவது. ரீகன் இந்த மூன்று பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். டிரம்ப் வந்தபிறகு இறக்குமதிக்கு வரி, குடியேற்றத்துக்குப் பூட்டு என்று நான்காவது கூட்டம் வந்து இலையின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. நான் முதல் வரிசை ஆள். இப்போது எனக்குப் பரிமாறுவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது.

கோவை கல்லூரி மாணவி: அமெரிக்கக் கடன் 37 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். டாலரை அவர்களே அச்சடிக்கிறார்கள், அப்புறம் என்ன பயம் அங்கிள்?

நல்ல கேள்வி அம்மா. முதலில் கணக்கைச் சின்னதாக்கிப் பார்ப்போம். 2024 நிதியாண்டில் மத்திய அரசின் வரவு சுமார் 4.92 லட்சம் கோடி டாலர், செலவு 6.75 லட்சம் கோடி. பத்துக் கோடியால் வகுத்துவிட்டால் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடும். வருட வருமானம் 49,200 டாலர், செலவு 67,500 டாலர். அந்த வருட முடிவில் இருந்த கடன் மூன்றரை லட்சம். அதற்கு வட்டி மட்டும் 8,800.

இப்படி ஒருவர் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பேன். அப்புறம் கிரெடிட் கார்டை வெட்டச் சொல்வேன்.

அரசாங்கம் குடும்பம் இல்லை, அச்சு இயந்திரம் அதன் கையில் இருக்கிறது என்பது உண்மைதான். அதனால் திவாலாகாது. ஆனால் வட்டி நிஜம். 2024-ல் வட்டிக்குக் கொடுத்த சுமார் 88,000 கோடி டாலர், ராணுவத்துக்குச் செலவழித்ததைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பாலம்கூடக் கட்டவில்லை. கடன் ஒரு லட்சம் கோடியைத் தொட 1981 வரை ஆயிற்று. சுதந்திரம் வாங்கியதிலிருந்து இருநூறு வருடத்துக்கும் மேல். மிச்சம் 36 லட்சம் கோடிக்கு மேல் என் ஆயுளுக்குள் சேர்ந்தது.

கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பெண் போடும் மூன்று பெரிய தரநிர்ணய நிறுவனங்களும் அமெரிக்காவை முதல் தரத்திலிருந்து இறக்கிவிட்டன. 2011-ல் ஒன்று, 2023-ல் ஒன்று, 2025 மே மாதம் கடைசியாக மூடிஸ்.

டொராண்டோ வாசகர்: அந்தக் கடனை ஏற்றியதில் உங்கள் குடியரசுக் கட்சிக்குப் பங்கே இல்லையா அண்ணா?

இருக்கிறது, தம்பி. ரீகன் காலத்தில் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. சோவியத்தோடு போட்டி இருந்தது என்று சமாதானம் சொல்லலாம், சொல்லியிருக்கிறேன். 1998 முதல் 2001 வரை நான்கு வருடம் பட்ஜெட்டில் மிச்சம் விழுந்தது. அப்போது அதிபர் கிளின்டன், காங்கிரஸ் (இங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் அது) குடியரசுக் கட்சியின் கையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் செலவழிக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டாட் காம் நிறுவனங்களால் வரி கொட்டியது என்பதும் ஒரு காரணம். அப்புறம் ஜார்ஜ் புஷ் வந்தார். இரண்டு வரிக்குறைப்பு, இரண்டு போர், முதியோருக்கு மருந்துச் செலவுத் திட்டம். மிச்சம் போன இடம் தெரியவில்லை.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம், பத்து வருடத்தில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. வரி குறைவதில் எனக்குச் சந்தோஷம்தான். செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தால் அதற்குப் பெயர் வரிக்குறைப்பு இல்லை, தவணை. நம் பேரப்பிள்ளைகள் பெயரில் எழுதிய தவணை. இதைக் கட்சிக்காரர்கள் கூட்டத்தில் சொன்னால் எனக்குக் காபிகூடத் தரமாட்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி மேலாளர்: ஐயா, 50 சதவீத வரியால் ஆர்டர் நின்றுபோய் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதை எப்படி ஆதரிக்கிறீர்கள்?

ஆதரிக்கவில்லை ஐயா. 2025 ஆகஸ்ட்டில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதமாக ஏறியபோது எனக்கு முதலில் உங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. 'வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான்' என்று மேடையில் பேசுகிறார்கள். துறைமுகத்தில் சரக்கை எடுக்கும்போது அந்த வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் ஒரு பங்கை உங்களிடம் விலை குறைக்கச் சொல்லிக் கழிக்கப் பார்ப்பார், ஒரு பங்கைத் தன் லாபத்தில் விடுவார், மிச்சத்தைக் கடைக்கு வருகிறவர் தலையில் கட்டுவார்.

2018-ல் இறக்குமதியாகும் வாஷிங் மெஷினுக்கு வரி போட்ட கதையைச் சொல்கிறேன். மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. அதோடு, வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினின் விலையும் ஏறியது! இங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள், அதனால் கடைக்காரர்கள் இரண்டிலும் பிரித்து ஏற்றிவிட்டார்கள். சுமார் 1,800 புது வேலை கிடைத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் வகுத்துப் பார்த்தார்கள்: ஒரு வேலைக்கு மக்கள் கூடுதலாகக் கொடுத்த விலை வருடத்துக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர்.

சீனாவை நம்பி மருந்தையும் சிப்பையும் விட்டுவைக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பனியனில் என்ன தேசப் பாதுகாப்பு? இன்னொன்று, சாசனம் வரி போடும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத்தான் கொடுத்தது. அதிபர் ஒருவர் நினைத்தபோது ஏற்றி, நினைத்தபோது இறக்குவது எந்தக் கட்சி செய்தாலும் எனக்கு ஒவ்வாது.

நியூ ஜெர்சி இல்லத்தரசி: 2022-ல் ஏறிய மளிகை விலை இன்னும் இறங்கவேயில்லையே?

இறங்காது அக்கா. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2022 ஜூனில் 9.1 சதவீதம். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு காசோலை வந்தது ஞாபகம் இருக்கிறதா? 1,200, அப்புறம் 600, அப்புறம் 1,400. முதல் இரண்டும் டிரம்ப், மூன்றாவது பைடன். இரண்டு வருடத்தில் புழக்கத்திலிருந்த பணம் சுமார் 40 சதவீதம் கூடியது. கப்பல் வராதது, உக்ரைன் போர் எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்தக் காசோலையின் விலையைத்தான் முட்டையிலும் வாடகையிலும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து கசப்பு. 1980-களின் தொடக்கத்தில் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றினார். வீட்டுக்கடன் 18 சதவீதம். வீடு கட்டுகிறவர்கள் விற்காத மரக்கட்டையில் தபால்தலை ஒட்டி அவருக்கே அனுப்பினார்கள். வேலையின்மை 10.8 சதவீதம் வரை போனது. ரீகன் கட்சி 1982 தேர்தலில் 26 இடங்களை இழந்தது. ஆனாலும் அடுத்த வருடம் அதே வோல்க்கரை ரீகன் மறுபடி நியமித்தார்! அந்த முதுகெலும்பை இப்போது எந்தப் பக்கமும் காணவில்லை.

சென்னை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை உங்கள் ஆட்கள் ஒழிக்கப் பார்க்கிறார்களாமே?

ஒழிக்கச் சொல்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் ஐயா. டிரம்ப்பே அதைத் தொடமாட்டேன் என்கிறார். அங்கேதான் சிக்கல்.

மாதாந்திர ஓய்வூதியத்தின் முதல் காசோலை 1940 ஜனவரியில் வெர்மான்ட்டில் ஐடா மே புல்லர் என்ற அம்மாவுக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். மூன்று வருடத்தில் அவர் கட்டியிருந்தது மொத்தம் 24 டாலர் 75 சென்ட். இரண்டாவது மாதத்திலேயே போட்டதை எடுத்துவிட்டார். நூறு வயது வரை இருந்து 22,888 டாலர் வாங்கிவிட்டுப் போனார். மகராசி, நன்றாக இருந்தார். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் அவர் சேமித்தது இல்லை, அப்போது வேலையில் இருந்தவர்கள் கட்டியது. இன்றும் அப்படித்தான். தொழிலாளி சம்பளத்தில் 6.2 சதவீதம், முதலாளி பங்கு 6.2 சதவீதம். 1960-ல் ஓய்வூதியர் ஒருவருக்கு ஐந்து பேர் கட்டினார்கள், இப்போது மூன்று பேர்கூட இல்லை. 2030-களின் முதல் பாதியில் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று அறங்காவலர்களே வருடாவருடம் எழுதுகிறார்கள். அன்று எல்லாருக்கும் ஒரே நாளில் தொகை குறையும்.

1983-ல் ரீகனும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஓய்வு வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக 67-க்கு ஏற்றினார்கள், வரியையும் கூட்டினார்கள். இரண்டு பக்கமும் வலிக்க வலிக்கச் செய்த சமரசம். மறுபடி அதுதான் வேண்டும். முன்கூட்டிச் செய்தால் வலி குறைவு.

பெங்களூரு வழக்கறிஞர்: 2024-ல் உச்ச நீதிமன்றம் செவ்ரான் கோட்பாட்டைத் தூக்கியெறிந்தது பெரிய வெற்றி என்றீர்களே, சாதாரண மனிதனுக்கு அதில் என்ன?

மீன்பிடிப் படகு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியின் கேப் மே கரையிலிருந்து ஹெர்ரிங் மீனுக்குப் போகும் குடும்பப் படகு. ஐந்தாறு பேர் படுக்க இடம். அதில் அரசு விதிகளைக் கண்காணிக்க ஒருவரை ஏற்றிக்கொள்ளவேண்டும் என்கிறது சட்டம். சரி. அவருடைய கூலியையும் நீயே கொடு, நாளுக்கு 700 டாலருக்கு மேல், என்றது துறை. சட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டால், இல்லை என்றும் சொல்லவில்லையே என்றார்கள். 1984 தீர்ப்பின்படி, சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் துறை சொல்லும் நியாயமான பொருளை நீதிமன்றம் ஏற்கவேண்டியிருந்தது. அதுதான் செவ்ரான் கோட்பாடு. விதி எழுதுகிறவரும் அதற்குப் பொருள் சொல்கிறவரும் ஒரே ஆள்! 2024 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்று அது போனது.

ஒரு வேடிக்கை. 1984-ல் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் எங்கள் ஆட்கள்தான், ஏனென்றால் அன்று ஜெயித்தது ரீகனின் சுற்றுச்சூழல் துறை. அந்த விவகாரம் கீழ் நீதிமன்றத்தில் நடந்தபோது துறைக்குத் தலைவர் ஆன் கோர்சச். நாற்பது வருடம் கழித்து அதைக் கவிழ்த்த ஆறு நீதிபதிகளில் ஒருவர் அவர் மகன்.

ஆஸ்டினுக்குக் குடிவரப்போகும் மென்பொறியாளர்: டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, சொர்க்கம் என்கிறார்களே?

வாருங்கள், மே மாதம் தெரியும். வருமான வரி இல்லை, சொத்து வரி இருக்கிறது. வீட்டின் மதிப்பை கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆட்களே நிர்ணயித்துக் கடிதம் அனுப்புவார்கள். ஒரு வருடம் என் வீட்டுக்கு அனுப்பிய தொகையைப் பார்த்து, இந்த விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றியது. மே 15-க்குள் ஆட்சேபணை போட்டேன். இங்கே களிமண் பூமி, வெயிலில் சுருங்கி மழையில் உப்பும், அஸ்திவாரம் விரியும். வரவேற்பறைச் சுவரில் ஓடிய விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, பழுது பார்க்க ஆகும் மதிப்பீட்டையும் கோப்பில் செருகிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் விரிசலைவிட ஸ்கேலைத்தான் அதிக நேரம் பார்த்தார். பத்து நிமிடம். 22,000 டாலர் குறைத்தார்கள்.

இந்த மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் வழக்கமாகக் கூடும். அது மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

யாழ்ப்பாண வாசகர்: கூட வாக்கு எடுத்தவர் தோற்பது என்ன ஜனநாயகம்?

2016-ல் டிரம்ப்பைவிட ஹிலாரிக்கு ஏறக்குறைய 29 லட்சம் வாக்கு கூட. ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பிடிப்பதுதான் விதி. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3, நாலு கோடியைத் தொடும் கலிபோர்னியாவுக்கு 54. சின்ன மாநிலம் பெரிய மாநிலத்துக்கு அடிமையாகக் கூடாது என்று போட்ட உடன்படிக்கை. பெரும்பான்மைக்குக் கடிவாளம் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஹைதராபாத்திலிருந்து ஒரு அப்பா: எச்1பி வேலை விசாவில் வந்து குடியுரிமை வாங்கிவிட்டு, கதவைச் சாத்துகிற கட்சிக்கு வாக்களிக்கிறீர்களே, மனசாட்சி இல்லையா?

உறுத்துகிறது. மறைக்கவில்லை. 2025 செப்டம்பரில் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்த அன்று என் தங்கை மகன் போன் செய்து அழுதான். சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதைத் தடுப்பதை ஆதரிக்கிறேன். வரிசையில் நின்று வருகிறவனை விரட்டுவதை ஆதரிக்கவில்லை. அதே நேரம், ஆண்டுக்கு 85,000 இடத்தில் ஒரு பங்கை ஆள்பிடிக் கம்பெனிகள் குறைந்த சம்பளத்துக்கு அள்ளிக்கொண்டதையும் என் கிளையண்ட்களின் சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். குலுக்கல் போட்டு விசா கொடுப்பதை விட்டு, கூடுதல் சம்பளக்காரருக்கு முதலிடம் என்றால் பாதி வம்பு தீரும்.

சிங்கப்பூர் வாசகர்: நடுநிலையான செய்திக்கு எந்த சேனல் பார்க்கலாம்?

நான் டிவி பார்ப்பதை விட்டுவிட்டேன். நிதித்துறை மாதம் ஒருமுறை வரவு செலவு அறிக்கை வெளியிடுகிறது, இலவசம். அதில் வட்டி என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மிச்சக் கேள்விகளுக்கு ஏப்ரல் 15-க்கு அப்புறம் வருகிறேன். அதுவரை யாரும் அரசியல் பேசப் போன் செய்யாதீர்கள், மேசையில் அறுபது படிவம் கிடக்கிறது.