“திரும்பப் போறியாப்பா?” என்று கேட்காதீர்கள்

அம்மா, உங்கள் மகன் சவூதியின் தம்மாமில் 11 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஃபைனல் எக்ஸிட்டில், அதாவது வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக, ஊருக்கு வந்து இரண்டு மாதமாகிறது, பகலெல்லாம் தூக்கம், கேட்டால் எரிந்து விழுகிறார், ஏதாவது வேலைக்கு வழி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒன்று: “திரும்பப் போறியாப்பா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கப்போகிறார்கள். நீங்களும் கேட்டால், நாம் வந்தது யாருக்கும் பிடிக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கேம்ப் வாழ்க்கையில் விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஃபோர்மேன் சொன்னதைச் செய்து, வெள்ளிக்கிழமை துணி துவைத்துப் பழகியவர். இங்கே வேலை சொல்ல ஆளில்லை. வீடும் அவர் இல்லாமலே ஓடப் பழகிவிட்டது. கேஸ் புக் செய்வதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும் மருமகள்தான், இல்லையா? அதில் ஒன்றிரண்டை மருமகளைக் கலந்துகொண்டு அவரிடம் விடுங்கள். தப்பாகச் செய்தாலும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து பணம். வேலை முடிந்து வரும்போது கம்பெனி தர வேண்டிய செட்டில்மென்ட், சவூதி சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். 10 வருடம் தாண்டியவர் என்பதால் தானாகவே வேலையை விட்டிருந்தாலும் எட்டரை மாதச் சம்பளம் செட்டில்மென்டாக வந்திருக்க வேண்டும். கணக்கைச் சரிபாருங்கள். அந்தப் பணத்தை ஆறு மாதத்துக்கு யாருடைய கூட்டு வியாபாரத்திலும் போட விடாதீர்கள், அது மச்சானுடைய ஆட்டுப்பண்ணையாக இருந்தாலும் சரி. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) இருந்தால், ஊரோடு வந்துவிட்டதாக வங்கியில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு முதல் தேவை அனுபவச் சான்றிதழ். இக்காமாவில் (சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) ‘லேபர்’ என்று இருக்கும், பார்த்ததோ சில்லர், அதாவது பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் மெஷின் வேலையாக இருக்கும். பலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எந்த மெஷின், எத்தனை வருடம் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். நாளானால் ஹெச்.ஆரில் இருப்பவர் மாறிவிடுவார். அந்தக் கடிதத்தோடு பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுக்கும் நிறுவனங்களை அணுகலாம். பெரிய மருத்துவமனைகளிலும், சிறுசேரி, அம்பத்தூர் பக்கத்து டேட்டா சென்டர்களிலும் சில்லர் இரவு பகலாக ஓடுகிறது, ஷிப்டுக்கு ஆள் வேண்டும்.

சம்பளம் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். ரியாலை ரூபாயாக்கிப் பார்த்தால் எந்த வேலையும் பிடிக்காது. அங்கே மெஸ், போன், விமான டிக்கெட் எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சியது, இங்கே என்ன மிஞ்சும் என்று அவரையே ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஏசி சர்வீஸ் தொடங்க நினைத்தால், ஒரு கோடைக்காலம் உள்ளூரில் யாரிடமாவது வேலை பார்த்துவிட்டு, மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேட்கலாம். அப்புறம், அவருடைய டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். இந்த வாரமே ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய்வரட்டும்.